கேள்வி யாருக்கு?

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மறந்துபோகவில்லை, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்வது அவருக்கு அறவே ஆகாது. அவர் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோருக்கும் அவர் 'கவுன்சிலிங் மேடம்'. எனக்கும் அது போதும்.

சனிக்கிழமை ஆனால் பங்காருபேட்டையிலிருந்து பஸ் ஏறி ராபர்ட்சன்பேட்டைக்கு வருவார். அங்கே ஒரு தரும ஆஸ்பத்திரிக்குப் பின்னால், மருந்துப் பெட்டிகள் அடுக்கிவைத்திருந்த அறை ஒன்றை அவருக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மீசை அரும்புகிற வயசுப் பிள்ளைகளுக்கும் தாவணி போடுகிற வயசுப் பிள்ளைகளுக்கும் மனசு சரியில்லாமல் போனால், டாக்டர் அவரிடம் அனுப்புவார். குள்ளமான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, வானம் பளிச்சென்று இருக்கிற நாளிலும் கையில் குடை, பையில் தோலோடு வறுத்த வேர்க்கடலை. ஐம்பது வயது இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அவரிடம் ஒரே ஒரு விசேஷம். அவர் யாரைக் கேள்வி கேட்டாரோ அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டால் தீர்ந்தது. மெதுவாகத் திரும்புவார். கண்ணாடியை எடுத்து மாட்டுவார். அந்த ஆளை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்பார். கோபமெல்லாம் கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்பார். வருஷக்கணக்காகப் பழகினவர்களிடமும் இதே கேள்விதான். பதில் சொல்ல வாய் வராமல் அந்த ஆள் தடுமாறும்போது, பழைய ஆளிடம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

ஆஸ்பத்திரி அறைக்குள் மட்டும் இந்தப் பழக்கம் என்றால் சரி. போகிற இடமெல்லாம் இதுதான். ஒருநாள் அம்மாவும் நானும் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த மேஜையில் மேடம். அதற்கடுத்த மேஜையில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அந்த மனுஷன் சர்வரிடம், "எனக்கு மசால் தோசை, அவளுக்கு இட்லி" என்றான். மேடம் சர்வரைக் கூப்பிட்டு, அந்தம்மாவைக் கேட்டாயா என்றார். அவ்வளவுதான், அந்த ஆளுக்கு வந்ததே கோபம். எழுந்து நின்று, "நீங்க யாரும்மா?" என்று கேட்டான். கேள்வி அவரைப் பார்த்துக் கேட்கப்பட்டதால் மேடம் ரொம்ப சந்தோஷமாகத் தன் பெயர், ஊர், செய்கிற வேலை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். அவனுக்கு மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவதென்று தெரியவில்லை. இதற்குள் அந்தப் பெண்டாட்டி சுவரில் தொங்கிய பலகையை மேலிருந்து கீழ்வரை படித்து, பூரி இருக்கிறதா, கிழங்கு உண்டா, செட் தோசை எத்தனை வரும் என்றெல்லாம் விசாரித்து, சர்வர் போய்விட்டுத் திரும்பி வந்த பிறகும் யோசித்து, கடைசியில், "இட்லியே குடுப்பா" என்றாள். புருஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேடம் அவனைப் பார்த்து, "இப்ப அது அவங்க இட்லி" என்று சொல்லிவிட்டு தன் காபியைக் குடித்தார். அந்தம்மா சட்னி இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாரிகுப்பம் ஸ்டேஷன் வாசலில் மேடம் கிளி ஜோசியம் பார்க்கப் போய், சீட்டைக் கிளி எடுத்ததும் ஜோசியக்காரன் படிக்க ஆரம்பிக்க, "நீங்க யாரு? கிளி சொல்லட்டும்" என்றார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. ஆனால் செய்யக்கூடியவர்தான்.

நாங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்தது வாந்தியால். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற வருஷம் எனக்கு வாந்தி வர ஆரம்பித்தது. ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மத்தியானம் வகுப்பில் வரும், ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும். ராத்திரி வந்தால் விடிய விடியத் தூக்கம் இருக்காது. எப்படியானாலும் பள்ளிக்கூடம் கெட்டது. டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார், பித்தத்துக்குக் கொடுத்தார், கேஸுக்குக் கொடுத்தார். அம்மா தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள், கயிறு மந்திரித்துக் கட்டினாள். வாந்தி இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு, பையன் இப்படியே லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் பத்தாது, ஹால் டிக்கெட் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மைன்ஸை மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா வேலை பையனுக்கு என்ற பேச்சே இனி இல்லை. பத்தாவது தாண்டாவிட்டால் நான் எங்கே போய் நிற்பது? எங்கள் வீட்டின் ஒரே கவலை அந்த ஹால் டிக்கெட்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர், ஒரே வாய். அது அம்மாவுடையது. அப்பாவுக்குப் பாதாளத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. பேச்சு கிடையாது. யாராவது அவரைப் பார்த்து, இன்னாப்பா சாப்ட்டியா என்றால், இப்பதான் சாப்ட்டாரு, கத்திரிக்கா கொழம்பு என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். என் வாந்தியைக்கூட டாக்டரிடம் அம்மாதான் வர்ணிப்பாள். நிறம், அளவு, நேரம், எதையும் விடமாட்டாள். நானே அதைக் கேட்டுத்தான் எனக்கு என்ன செய்கிறதென்று தெரிந்துகொள்வேன்.

கடைசியில் டாக்டர் கைவிட்டு, சீட்டில் 'கவுன்சிலிங்' என்று எழுதிக் கொடுத்தார். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குத் தெரிந்த கவுன்சிலிங் ஒன்றே ஒன்று. அது பெங்களூரில் நடக்கும். பின்லைன் பையன் ஒருவன் அங்கே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் இன்ஜினியரிங் சீட்டோடு திரும்பி வந்திருந்தான். அம்மா டாக்டரின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "பத்தாவது எழுதறதுக்கு மின்னாடியே கூப்புட்றாங்கன்னா, டாக்டரு இவங்கிட்ட எதையோ பாத்துக்கீறாரு."

லைன் முழுக்கத் தகவல் போய்விட்டது. சனிக்கிழமை அப்பா கல்யாணம் காட்சிக்குப் போடுகிற பேன்ட்டைப் போட்டுக்கொண்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் மார்க் ஷீட்டுகள், ஜாதி சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் அட்டெஸ்ட் பண்ணின ஜெராக்ஸ், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிய போட்டோ, எல்லாம் ஃபைலில். போய்ப் பார்த்தால் பெஞ்சில் எங்களுக்கு முன்னாலேயே ஒரு குடும்பம் ஃபைலோடு உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கும் இதே எண்ணம்தான். ஜெராக்ஸ் ரெண்டு செட் கீதா என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார்.

மேடம் ஒரு நாளும் இதைத் திருத்தியதில்லை. ரொம்ப நாள் கழித்து, ஏன் மேடம் சொல்லக்கூடாதா என்று நானே கேட்டேன். "மனசு சரியில்லன்னு சொன்னா எந்த அப்பா வராரு? சீட்டுன்னா ரெண்டு பேரும் இஸ்திரி போட்டுக்கினு வராங்க இல்ல" என்றார். உள்ளே மூன்று நாற்காலி போட்டிருக்கும். அப்பா அம்மா தயங்கி நின்றால் நாற்காலியைக் காட்டி, சீட்டு குடுத்தாச்சு, உக்காருங்க என்பார். அதில் பாதி ஏமாற்று இருந்தது, பாதி உண்மை இருந்தது.

முதல் நாள் என்னைப் பார்த்து என் பெயரைக் கேட்டார். அம்மா சொன்னாள். மேடம் கண்ணாடியை மாட்டினார்.

"நீங்க யாரு?"

"நான் அவங்கம்மா மேடம்."

"சரி" என்று என் பக்கம் திரும்பி மறுபடியும் என் பெயரைக் கேட்டார். அம்மா மறுபடியும் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவும் சொன்னாள், மேடத்துக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பாள். மேடம் மறுபடியும் கண்ணாடி. அன்று முழுக்க எங்கள் கவுன்சிலிங் என் பெயரைத் தாண்டவில்லை. வெளியே வந்ததும் அம்மா, பாவம், அந்தம்மாவுக்கு மறதி ஜாஸ்தி என்றாள். லைனில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, இன்னா சீட்டு கெடச்சுது என்று கேட்டார்கள். அம்மா சற்றும் அசராமல், இன்னும் ரவுண்டு கீது என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் பையனுக்குக் கழண்டுகிச்சு என்று ஊர் சொல்லியிருக்கும்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டால் வேலை சுலபமாக முடியுமே என்று அங்கிருந்த நர்ஸ் ஒருவர் மேடத்துக்கு யோசனை சொன்னார். என் எதிரிலேயே சொன்னார். "வெளிய ஒக்காரவெச்சா இங்க சரியாயிடும். வூட்டுக்குப் போனா? அங்க நானா போய் ஒக்காரப் போறேன்" என்றார் மேடம். முதலில் கொஞ்ச நேரம் என்னோடு தனியாகப் பேசுவார். அது உன்னோடது, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், உனக்கு இஷ்டமானால் நீ சொல்லிக்கொள் என்பார். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மட்டும் மறைக்க மாட்டேன் என்றும் சொல்லிவைத்திருந்தார். அப்புறம் அப்பா அம்மா இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். எதையும் வீட்டுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்ப மாட்டார். அங்கேயே, அவர் கண் எதிரில், ஒருவர் பேச ஒருவர் கேட்டாக வேண்டும்.

தனியாக என்ன பேசினோம் என்பது தெரியாமல் அம்மாவுக்குத் தலை வெடித்துவிடும். திரும்பி வரும்போது போண்டா வாங்கிக் கொடுத்து, இன்னாடா கேட்டாங்க என்பாள். நான் போண்டாவைத் தின்றுவிட்டு, சும்னேதாம்மா பேசிக்கினு இருந்தோம் என்பேன், சும்மா என்பதற்கு எங்கள் ஊர்க் கன்னடம் அது. அடுத்த வாரம் போண்டாவோடு மைசூர்பாகும் சேர்ந்தது. அதற்கும் சும்னேதான். என் வாழ்க்கையில் அவ்வளவு டிபன் நான் எப்போதும் தின்றதில்லை.

அம்மாவின் வாயை அடக்க மேடம் வேர்க்கடலையைக் கண்டுபிடித்தார். உட்கார்ந்ததும் கைநிறைய அள்ளிக் கொடுத்து, உரிச்சிக்கினே இருங்க என்பார். அம்மா உரிப்பாள், வாயில் போடுவாள், மெல்லுவாள், மென்றுகொண்டே எனக்குப் பதிலாகப் பதில் சொல்லுவாள். கடலை வீணாகப் போனது. ஆனால் மெல்லுகிற அந்த நேரத்துக்குள் நான் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொண்டேன்.

அப்படிக் கிடைத்த ஒரு நேரத்தில்தான் அது வெளியே வந்தது. வாந்தி எப்பல்லாம் வருது என்று மேடம் என்னைக் கேட்டார். அம்மா வாயில் கடலை. இந்த வாரம் காலையில், போன வாரம் மத்தியானம், அதற்கு முந்தின வாரம் ராத்திரி என்று நான் சொன்னேன். மேடம் அப்பாவைப் பார்த்து, இந்த வாரம் உங்களுக்கு என்ன ஷிப்ட் என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா அவசரமாக விழுங்கிவிட்டு, "மொத ஷிப்ட்டு. போன வாரம் ரெண்டாவது. அதுக்கு மின்னாடி நைட்டு" என்றாள். சொல்லி முடித்ததும் அவளே நிறுத்திவிட்டாள். மேடம் கண்ணாடியை மாட்டவில்லை. முதல் தடவையாக 'நீங்க யாரு' கேட்கவும் இல்லை.

"இவன் வாந்தியும் ஷிப்ட் போடுதே" என்றார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம் எதுவோ, அதுதான் என் வாந்தியின் நேரம். அதற்கு முந்தின வருஷம் ஒரு ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் பாறை கனம் தாங்காமல் தானாக வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மேலே வீடெல்லாம் ஆடும், பாத்திரம் உருளும். அன்றைக்கு மத்தியானம் பாத்திரம் உருண்டபோது அப்பா உள்ளே இருந்தார். அம்மாவும் நானும் ஓடினோம். சுரங்க வாசலான ஷாஃப்ட் கேட்டில் கூட்டத்தோடு நின்றோம். பொழுது சாயும் நேரத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஒன்றில் மேலே வந்தார், உடம்பெல்லாம் புழுதி. வந்து, பசிக்குது என்றார். வீடு வரைக்கும் அம்மா அடுப்பிலேயே விட்டுவந்த ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் வயிறு மட்டும் மறக்கவில்லை.

இதையெல்லாம் நான் அந்த அறையில் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அப்பா மேலே வரமாட்டாரோ என்று பயமாக இருக்கிறது, நம் வீட்டில் எனக்கு மட்டும்தான் இப்படி, நான் பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன். மேடம் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அப்பாவிடம் திரும்பினார்.

"உங்களுக்குப் பயமா இருக்குதா?"

"அவருக்கு எதுக்கு மேடம் பயம், இருவது வருசமா எறங்கி ஏறினு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நீங்க யாரு?"

அம்மா நிறுத்திக்கொண்டாள். அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். எந்த அறைக்குப் போனாலும் அவர் முதலில் கூரையைத்தான் பார்ப்பார், தொழில் பழக்கம். இந்தக் கூரையை ரொம்ப நேரம் பார்த்தார். மேடம் கடலை உரித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த மனுஷிக்குக் காத்திருக்கத் தெரிந்த மாதிரி நான் வேறு யாரையும் பார்த்ததில்லை.

"கீது மேடம்" என்றார் அப்பா. "கேஜுல காலு வெக்கிறப்ப, தெனமும்."

"பையன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பயந்துடுவானே."

மேடம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இப்ப ரொம்பத் தைரியமா கீறானா?"

எனக்கு அப்போது வந்தது என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். இருபது வருஷமாகப் பாதாளத்தில் இறங்குகிற மனுஷனுக்கும் என் வியாதிதான். நான் மட்டும் இல்லை. அப்பா கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஒண்ணும் ஆவாதுடா என்று சொல்லப்போனார். மேடம் அதையும் தடுத்துவிட்டார். தெரியாததைச் சொல்லாதீங்க, தெரிந்ததைச் சொல்லுங்க என்றார். கிளம்புவதற்கு முன்னால் அன்றைக்கு எங்கே இறங்கப்போகிறார், என்ன வேலை, கூட யார் யார், என்னென்ன பார்த்துக்கொள்வார் என்பதைப் பையனிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வந்ததும் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பையன் கேள்வி கேட்கலாம். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். அம்மா அந்த நேரத்தில் கடலை உரிக்கலாம்.

பேசாத மனுஷன் பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்பதை நான் அந்த மாதங்களில் தெரிந்துகொண்டேன். அப்பா மேலதிகாரியான ஷிப்ட் பாஸுக்கு ரிப்போர்ட் கொடுக்கிற மாதிரி என் எதிரில் நின்று சொல்லுவார். எந்த லெவல், எந்தப் பக்கம், எத்தனை மரம், எந்த மரம் ஈரம், எது காய்ந்தது, முட்டுக்கும் கூரைக்கும் நடுவில் ஆப்பு எப்படி அடிப்பது, பாறையைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்டால் என்ன, பொத்தென்று கேட்டால் என்ன. முதல் வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மறுவாரம் கேள்வி கேட்டேன். அதற்கும் மறுவாரம் எனக்குக் கொட்டாவி வந்தது. அப்புறம் அவர் மரத்தைப் பற்றி ஆரம்பித்ததும், அப்பா டைம் ஆச்சு கெளம்பு என்று நானே வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தேன். பயம் அப்படியே போய்விடவில்லை. ஆனால் ஈர மரத்தைப் பற்றி அவ்வளவு கேட்ட பிறகு வாந்திக்கு இடமில்லை. எந்த டாக்டர் கொடுத்த மாத்திரையும் செய்யாததை அப்பாவின் அறுவை செய்தது.

இதைச் சொன்னதும் மேடம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் சந்தோஷமாக இருந்ததால் அம்மாவுக்குத் துணிச்சல் வந்து, உங்களுக்கு எத்தன பசங்க மேடம் என்று கேட்டாள். அது அவரைப் பற்றிய கேள்வி என்பதால் ரெண்டு என்று சொன்னார். அவங்க இன்னா பண்றாங்க என்றாள். அத அவங்களத்தான் கேக்கணும் என்றார். வீட்டுக்காரரு என்றாள். அவரு வந்தா கேளுங்க என்றார். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஹால் டிக்கெட் வந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார். அதைக் காட்டுவதற்காக மேடத்திடம் போனோம், அதுதான் கடைசித் தடவை. அன்றைக்குப் பங்காருபேட்டையில் அத்தை வீட்டில் காதுகுத்து, அப்படியே அங்கே போவதாக ஏற்பாடு. அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். உட்கார்ந்ததும் கடலைக்காகக் கையை நீட்டினாள். மேடம் கொடுக்கவில்லை.

"ஏம்மா, உங்களுக்கு?" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. கடலை வேண்டுமா என்று கேட்கிறாரோ என்று அப்பாவைப் பார்த்தாள்.

"இவன் பயத்தச் சொன்னான். அவரு சொன்னாரு. நீங்க எல்லாருக்கும் பதில் சொல்லிக்கினே இருந்தீங்க, உங்கள நான் ஒண்ணுமே கேக்கல. உங்களுக்கு எப்படி இருக்குது?"

அம்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கே பொறுக்கவில்லை, அவளுக்கு இன்னா மேடம், அவ எதையும்... என்று ஆரம்பித்தார். நானும் மேடமும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினோம். கண்ணாடி மாட்டுவதற்குள்ளாகவே அவர் அடங்கிவிட்டார்.

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"நான் பேசிக்கினே இருந்தா, அந்தச் சத்தம் கேக்காது மேடம்" என்றாள். "பாத்திரம் உருள்ற சத்தம். நிறுத்தினா கேக்குது."

மேடம் எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று வாட்ச்மேன் இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா அழுதாள், அப்பா மூக்கைச் சிந்தினார், நான் ஹால் டிக்கெட்டை நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்து பங்காருபேட்டை பஸ் ஏறினோம். மேடமும் அதே பஸ்தான். எங்களுக்குப் பின்சீட்டில் ஜன்னலோரமாகக் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் ரொம்ப தூரம் போகிறவரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் வந்தார். அப்பாவைப் பார்த்துத்தான், நேராக அவர் முகத்தைப் பார்த்துத்தான், எல்லிகே என்று கன்னடத்தில் கேட்டார். எங்கே போகணும் என்று. அப்பா வாயைத் திறக்கவேயில்லை, காத்திருந்தார்.

"பங்காருபேட்டே, மூரு டிக்கெட்டு" என்று மூன்று டிக்கெட் கேட்டாள் அம்மா. "நாத்தனார் வூட்டுல காதுகுத்து. பையனுக்கு ஹால் டிக்கெட் வந்துடுச்சி. இவருக்கு இன்னிக்கி லீவு. அந்தப் பின்னாடி கீற மேடமும் பங்காருபேட்டைதான், அவங்களுக்கும் ஒண்ணு கிழிச்சிடுங்க."

நானும் அப்பாவும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தோம். மேடத்தின் கண்ணாடி கழுத்தில்தான் தொங்கியது. அவர் அதைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, எதுவும் காதில் விழாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.